உலையை மூட்டும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் என் ஆய்வு மாணவர் ஒருவர் கருத்தரங்கில் சுவரொட்டி வைத்தார். மின்கலக் கேத்தோடுக்கான (நேர்மின்வாய்க்கான) புதிய பூச்சு, ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து செய்த வேலை. சேர்மானம், உலை வெப்பநிலை, அந்த வெப்பத்தில் வைத்திருந்த நேரம் எல்லாவற்றையும் அழகாக எழுதியிருந்தார். காப்புரிமை விண்ணப்பமோ இன்னும் வரைவில் கிடந்தது. மறுநாள் நிறுவனத்தின் வழக்கறிஞர் தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்: "யாராவது பார்த்தார்களா?"

ஐரோப்பியக் காப்புரிமைச் சட்டத்தில், விண்ணப்பத்துக்கு முன் பொதுவெளிக்கு வந்த எதுவும் பொதுவாகப் புதியதாகக் கருதப்படாது; புதியதல்லாததற்குக் காப்புரிமை கிடைக்காது. அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் ஓராண்டு அவகாசம் உண்டு. நூலகத்தில் வைக்கப்படும் ஆய்வேடும் வெளியீடுதான். மாணவரை நான் கடிந்துகொள்ளவில்லை. நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தை அவர் கண்ணில் காட்டாதது நான்தானே!

காப்புரிமையைப் பணம் பண்ணும் வேலை என்று ஒதுக்குபவர்கள் லித்தியம் அயனி மின்கலத்தின் கதையைப் பார்க்க வேண்டும். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் அறிவியலாளர் ஜான் குட்இனஃபின் குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கேத்தோடாக்கிக் காட்டியது. பல்கலைக்கழகம் காப்புரிமையில் அக்கறை காட்டாததால் உரிமை பிரிட்டனின் ஹார்வெல் அணுசக்தி ஆய்வகத்துக்குப் போயிற்று. ஜப்பானின் அசாஹி கசெய் நிறுவனத்தின் அகிரா யோஷினோ 1985இல் அந்தக் கேத்தோடுக்குக் கார்பன் ஆனோடை (எதிர்மின்வாயை) இணை சேர்த்தார். சோனி அதை 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. குட்இனஃபுக்கு உரிமைத்தொகை கிடைக்கவில்லை. 2019இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது, கட்டுரையை நிறுவனம் எத்தனை நாள் தடுத்துவைக்கலாம் என்ற வரியை. முப்பதோ அறுபதோ நாள் என்றால் சரி. "ஒப்புதல் கிடைக்கும்வரை" என்றிருந்தால் கையெழுத்திட மாட்டேன். மாணவரின் பட்டம் அதில் சிக்கிக்கொள்ளும். அடுத்தது, ஏற்கெனவே நம்மிடம் இருந்த அறிவும் கூட்டாகக் கண்டதும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றனவா என்பது.

தோல்வியில் முடிந்த சோதனைகளின் விவரங்களையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள், நீங்களும் கொடுங்கள். சிறு குழாய் உலையில் ஐந்து கிராம் தூள் சீராக வெந்துவிடும். ஐந்து கிலோ என்றால் நடுப்பகுதிக்கு வெப்பம் போய்ச் சேரவே நேரமாகும்; துகள் அளவு மாறும், மின்கலம் சீக்கிரம் தளரும். இதை ஆலைப் பொறியாளர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். நாங்களே கண்டறிய ஒரு கல்விப் பருவம் பிடித்தது.

இப்போதெல்லாம் புதிய மாணவருக்கு முதல் வாரம் உலை கிடையாது. ஒப்பந்தமும் ஒரு பென்சிலும்தான் கொடுக்கிறேன்.