வெள்ளை யானை: யார் கொடுத்தது, யார் கட்டித் தீனி போடுவது?

'கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டிக் கட்டிய கட்டடம் இன்று வெள்ளை யானையாகிவிட்டது.' தமிழ்ச் செய்தித்தாள் படிப்பவர்களுக்குப் பழகிப்போன வரி இது. ஆனால் இலங்கையின் வன்னியில், மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலம் படிக்கும் ஒரு பிள்ளையிடம் இதற்குப் பொருள் கேட்டால், 'பெரிய, பயனில்லாத சாமான்' என்ற பதில்தான் வரும். அது பாதிப் பதில். பெரிதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இந்தத் தொடருக்குக் கிடையாது. பயனின்மை மட்டும் போதுமென்றால், கொல்லையில் கிடக்கும் உடைந்த கதிரையையும் வெள்ளை யானை என்று சொல்லிவிடலாம்.

ஆங்கிலத்தில் 'வைட் எலிபன்ட்' என்றால், வைத்திருக்கும் செலவு அதனால் வரும் நன்மையை விழுங்கிவிடும் ஓர் உடைமை. அதோடு, எளிதில் கைகழுவவும் முடியாத உடைமை. செலவு, பயனின்மை, விட முடியாமை ஆகிய மூன்றும் கூடினால்தான் அந்தப் பெயர் முழுதாகப் பொருந்தும். ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு யாரோ பெரிய மனது வைத்து நீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றைக் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். நாடா வெட்டி, படம் எடுத்தாயிற்று. சில காலம் போனபின் வடிகட்டி மாற்ற வேண்டும். அதற்கான பணம் சங்கத்தின் வைப்பில் இருக்கும் பணத்தைவிடக் கூடுதல். மின்கட்டணமோ மாதம் தவறாமல் வருகிறது. விற்கலாம் என்றால் கொடுத்தவர் மனம் நோகும். அவர் பெயர் பொறித்த கல்வெட்டு சுவரில் இருக்கிறது. அந்த இயந்திரம்தான் அசல் வெள்ளை யானை. அதே இயந்திரம் பழுதாகி, எவருக்கும் செலவு வைக்காமல் ஒரு மூலையில் கிடந்தால் அது பழைய இரும்பு, அவ்வளவே.

இந்தப் பெயர் வந்த கதையைப் பெரும்பாலான பாடநூல்கள் ஒரே மாதிரித்தான் சொல்கின்றன. சீயம் என்று அப்போது அழைக்கப்பட்ட தாய்லாந்தின் மன்னர்கள், தமக்குப் பிடிக்காத பிரபுவுக்கு ஒரு வெள்ளை யானையைப் பரிசாகக் கொடுப்பார்களாம். புனித மிருகம் என்பதால் அதை வேலைக்கு விட முடியாது. அரசர் தந்தது என்பதால் விற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. நன்கு வளர்ந்த ஆசிய யானை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி தின்னும். பிரபு சில ஆண்டுகளில் ஓட்டாண்டி.

கதை அழகாக இருக்கிறது; ஆனால் உண்மைக் கதையாகத் தெரியவில்லை. சீயத்து அரசர்கள் வெள்ளை யானையை நடத்திய விதமே இதற்கு எதிர்ச்சாட்சி. வெள்ளை யானை அங்கே அரசனின் புண்ணியத்துக்குச் சான்று. எத்தனை யானை வைத்திருக்கிறானோ அத்தனை பெருமை. 1563இல் பர்மிய மன்னர் பயின்னௌங், சீயத்தின் அப்போதைய தலைநகரான ஆயுத்தயாவின் அரசரிடம் இரண்டு வெள்ளை யானைகளைக் கேட்டார். கிடைக்கவில்லை. படையெடுத்தார். அடுத்த ஆண்டு ஆயுத்தயா பணிந்தபோது யானைகளையும் ஒப்படைக்க நேர்ந்தது. ஒரு யானைக்காகத் தலைநகரையே பணயம் வைத்தவர்கள், பிடிக்காதவன் வீட்டு முற்றத்தில் அதைக் கொண்டுபோய்க் கட்டியிருப்பார்களா? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அந்நாட்டுக் கொடியிலேயே வெள்ளை யானை நின்றது. இன்றும் தாய்லாந்தில் எங்கு வெள்ளை யானை பிடிபட்டாலும் அது அரசருக்கு உரியது. யானை அரண்மனைக்குள் போன தடயம்தான் எங்கும் கிடைக்கிறது. வெளியே வந்த தடயம் ஆங்கிலேயர் சொன்ன கதையில் மட்டும். 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் எழுத்தில் இத்தொடர் உவமையாகப் பரவலாகப் புழங்கியது.

அந்த யானை வெள்ளையும் அல்ல. நனைந்தால் செம்பழுப்பாகத் தெரியும் வெளிறிய தோல், இளஞ்சிவப்புத் திட்டுகள், வெளிர்ந்த நகம், வெளிர்ந்த இமைமயிர் என்று பல அடையாளங்களைப் பார்த்துத்தான் 'வெள்ளை' என்று தீர்மானிப்பார்கள். 1884இல் அமெரிக்கச் சர்க்கஸ் முதலாளி பி. டி. பார்னம் பெருஞ்செலவில் பர்மாவிலிருந்து ஒன்றை வரவழைத்தார். பால்போல் ஒரு யானையைக் காண வந்த கூட்டம், சாம்பல் நிறத்தில் சில திட்டுகளைக் கண்டு முகம் சுளித்தது. அவருடைய போட்டியாளர் ஒருவர் சாதாரண யானை ஒன்றுக்கு வெள்ளை பூசிக் காட்டிக் கூட்டம் சேர்த்தார்.

தமிழ் மனத்தில் வெள்ளை யானை நிற்கும் இடமே வேறு. இந்திரனின் ஐராவதம் வெள்ளை யானை. காவிரிப்பூம்பட்டினத்தில் அதற்குத் தனிக் கோயிலே இருந்ததைச் சிலப்பதிகாரம் 'வெள்யானைக் கோட்டம்' என்று சொல்கிறது. மன்னார்ப் பக்கத்தில் உள்ள திருக்கேதீச்சரத்தைப் பாடிய சுந்தரர் கயிலைக்குப் போனதும் வெள்ளை யானையில்தான். ஆடிச் சுவாதியில் அவருடைய குருபூசைக்குப் போய்வந்த ஒரு முதியவரிடம், 'உங்கள் ஊர்ச் சந்தைக் கட்டடம் வெள்ளை யானை' என்று சொன்னால் அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆங்கிலத் தொடரை எழுத்துக்கு எழுத்து பெயர்த்ததால் வந்த வினை இது. செய்தித்தாள்கள் பல காலமாக எழுதி எழுதி இதை நிலைநிறுத்திவிட்டன. இனி விலக்க முடியாது, விலக்கவும் வேண்டாம். ஆனால் எங்கே பொருந்தும் என்று தெரிந்து எழுதலாம்.

வன்னிக்கு இந்தக் கதையோடு இன்னொரு பிணக்கும் உண்டு. சீயத்துக் கதையில் மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்கு யானை கொடுத்து அவனைக் கெடுக்கிறான். வன்னியில் யானை போன திசை தலைகீழ். வன்னிமைகள், அதாவது வன்னியை ஆண்ட குறுநிலத் தலைவர்கள், யாழ்ப்பாண அரசர்களுக்கும், 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயருக்கும், 1658இல் அவர்களை விரட்டிய ஒல்லாந்தருக்கும் யானையைத் திறையாகச் செலுத்தினார்கள். பனங்காமம் முதலிய பற்றுகளின் (ஆட்சிப் பிரிவுகளின்) தலைவர்கள் திறை யானைகளை உரிய காலத்தில் கொடுக்காமல் பாக்கி வைப்பதாக ஒல்லாந்த அதிகாரிகள் ஓயாமல் முறைப்பட்டிருக்கிறார்கள். காட்டில் பிடித்த யானைகளைக் கடல்நீரேரியின் ஆழம் குறைந்த இடத்தால் குடாநாட்டுக்கு நடத்திச் சென்ற வழிதான் ஆனையிறவு என்பார்கள். இறத்தல் என்றால் பழந்தமிழில் கடந்து போதல். 'இறந்த காலம்' என்னும்போது நாம் இன்றும் அந்தப் பொருளில்தான் சொல்கிறோம். யாழ்ப்பாணத்தில் நடந்த யானை விற்பனைக்குக் கோல்கொண்டா, வங்காளம் என்று தூரதேசத்து வணிகர் வந்து பொன் கொடுத்து வாங்கிப் போனார்கள். ஆகவே இந்த மண்ணில் யானை சொத்து; காசு. கிளிநொச்சிப் பக்கத்து ஆனைவிழுந்தான் போன்ற ஊர்ப்பெயர்களிலும் அது பதிந்து கிடக்கிறது. 'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்ற பழமொழி அந்தக் கணக்கைச் சொல்வது. வெள்ளை யானைக்கு நேர் எதிரான பழமொழி அது.

அப்படியானால் ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் நிகர் எது? அகராதிகள் ஒன்றைத் தந்து நகர்ந்துவிடும். ஒன்று போதாது என்பது என் எண்ணம்.

முதலில் நாவுக்கு வருவது 'ஆனையைக் கட்டித் தீனி போடுவது'. நெருங்கிய உறவுதான், ஆனால் இரட்டைப் பிள்ளை அல்ல. இதில் குறை யானையிடம் இல்லை, கட்டியவன் வசதியில் இருக்கிறது. 'இந்த வண்டிக்கு எண்ணெய் அடிப்பது ஆனையைக் கட்டித் தீனி போடுவது போல' என்பவர் வண்டி ஓடவில்லை என்று சொல்லவில்லை. வண்டி நன்றாகவே ஓடுகிறது. அவர் கையைத்தான் கடிக்கிறது. செலவு என்ற ஓர் அம்சத்துக்கு இது போதும். பயனின்மையை இது தொடாது.

'சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்' என்பது அடுத்தது. பொருளின் மதிப்பைவிட அதைச் சுமக்கும் செலவு மூன்று மடங்கு. கணக்கில் வெள்ளை யானைக்கு இதைவிடக் கிட்ட வரும் தமிழ் இல்லை. ஆனால் சுண்டைக்காயைக் கீழே போட்டுவிட்டு நடக்கலாம். யாரும் கேட்கமாட்டார்கள். விட முடியாத நெருக்கடி இதில் இல்லை. அந்த நெருக்கடிக்குப் 'புலிவாலைப் பிடித்த கதை' என்பார் சிலர். அதில் இருப்பது உயிர்ப்பயம், விட்டால் கடிக்கும். வெள்ளை யானை கடிக்காது, தின்னும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது: 'யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்.' யானை தின்பது கண்ணுக்குத் தெரியும். வீடு தின்பது தெரியாது. சுண்ணாம்பு, ஓடு, கதவு, கறையான் மருந்து என்று அது சத்தமில்லாமல் ஆளை விழுங்கும். வன்னியில் இதற்கு உதாரணம் தேட அதிக தூரம் போக வேண்டாம். பிள்ளைகள் கனடாவிலும் சுவிஸிலும் இருக்க, 'ஊரில் நமக்கும் ஒரு வீடு வேண்டும்' என்று கட்டிய மாடிவீடு. இருப்பது வயதான தாய் ஒருவர், அல்லது காவலுக்கு ஒரு குடும்பம். மழைக்குப் பின் காடு வாசல்வரை வந்துவிடும். வெட்டக் கூலி, பூச்சுக்குக் கூலி, நீர்ப்பம்பிக்குப் பழுது பார்க்கக் கூலி. விற்கவா? அப்பாவின் காணி, பேச்சே எடுக்க முடியாது. ஆங்கிலம் வெள்ளை யானை என்று சொல்வதன் மூன்று அம்சங்களும் இங்கே இருக்கின்றன. வீட்டோடும் நிலத்தோடும் ஒட்டிய பேச்சு என்றால் இந்தப் பழமொழியைத்தான் முதலில் எடுப்பேன்.

பொதுப்பணத்தில் எழுந்த பெருந்திட்டங்களுக்கு 'வெள்ளை யானை' என்றே எழுதலாம். வாசகருக்கு அது இப்போது விளங்கும். இலங்கையில் இந்தப் பெயரை அதிகம் சுமந்தது தெற்கே 2013இல் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையம். சுமார் 209 மில்லியன் அமெரிக்க டொலர் செலவு. விமானங்களோ விரல்விட்டு எண்ணும் அளவு. அந்தப் பகுதி யானைக் காடு என்பதால் 2016இல் சுற்றுப்புறத்து மிருகங்களை வெடி கொளுத்தி விரட்டப் படையினரை இறக்க வேண்டியிருந்தது. நெல் விளையும் பருவத்தில் இரவில் யானை வெடியோடு காவல் இருக்கும் நெடுங்கேணி விவசாயிக்கு, நிஜ யானை வந்து நிற்கும் வெள்ளை யானை என்பதன் நகைப்பை விளக்கத் தேவையில்லை.

ஆங்கிலத்தில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம். இத்தொடரில் நிறத்தையோ மிருகத்தையோ மாற்ற முடியாது. 'மிகவும் வெள்ளையான யானை' என்று அழுத்தம் சேர்க்கவும் முடியாது. சேர்த்தால் உவமை போய், நிஜ மிருகம்தான் மிஞ்சும். ஒன்றுக்கு மேல் இருந்தால் பன்மையில் சொல்லலாம். மனிதர்களைக் குறிக்க இதைப் பயன்படுத்துவது வழக்கமல்ல. வேலை செய்யாமல் சம்பளம் வாங்கும் ஆளுக்குத் தமிழில் 'தண்டச் சம்பளம்' இருக்கவே இருக்கிறது.

'அறைக்குள் நிற்கும் யானை' என்ற இன்னொரு ஆங்கிலத் தொடரோடு இதைக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. அது எல்லோருக்கும் தெரிந்தும் எவரும் வாய் திறக்காத பிரச்சினையைக் குறிப்பது. 'முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது' அதற்கு நிகர் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்; சரியில்லை. பூசணிக்காயை மறைப்பவன் ஒருவன், பார்ப்பவர்கள் ஏமாறவில்லை. அறைக்குள் யானை விடயத்தில் மறைப்பவர்களும் பார்ப்பவர்களும் ஒரே ஆட்கள்.

கடைசியாக, புலம்பெயர்ந்த உறவினர் உள்ளவர்களுக்குப் பயன்படும் ஒன்று. வட அமெரிக்காவில் இத்தொடர் கொஞ்சம் இளகிவிட்டது. மார்கழி மாதத்தில் அலுவலகத்திலோ நண்பர் வீட்டிலோ 'வெள்ளை யானைப் பரிசு' விளையாட்டு நடக்கும். ஒவ்வொருவரும் ஒரு பொருளைப் பொதிந்து கொண்டுவந்து வைப்பார்கள், முறைவைத்து எடுப்பார்கள், மற்றவர் எடுத்ததைப் பறித்துக்கொள்ளவும் விதி இடம் கொடுக்கும். இங்கே யானை என்பது வீட்டில் சும்மா கிடக்கும், வேடிக்கையான, பெறுமதி குறைந்த சாமான். செலவும் இல்லை, தீனியும் இல்லை. ரொறன்ரோவுக்குப் புதிதாகப் போன தம்பியோ தங்கையோ அந்த அழைப்பைப் பெற்றால், கடைக்குப் போய் விலை உயர்ந்த பொருள் வாங்க வேண்டாம். யாரோ கல்யாணத்துக்குத் தந்து பெட்டி பிரிக்காமல் கிடக்கும் சுவர்க்கடிகாரம் போதும்.