ஏலத்துக்கு முன்னால் அந்த வீட்டைத் திறந்து காட்டுங்கள்

"வண்டி போவாது சார். ஒரு மூட்ட சிமெண்டு வேணும்னாலும் தலைச்சுமையாத்தான் கொண்டு போவணும்."

கருங்கல் பக்கத்தில் 7 சென்டும் அதில் ஒரு கான்கிரீட் வீடும் வங்கி ஏலத்தில் எடுத்தவர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னது இது. மகன் வளைகுடாவில் வேலை பார்த்து அனுப்பிய பணம். 25 சதவீதம் கட்டிய மூன்றாம் நாள் என்னிடம் வந்தார். முதலிலேயே இடத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்திருக்கிறார். அறிவிப்பில் போட்டிருந்த பார்வை நாளில் போய் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார், வங்கியிலிருந்து யாரும் வரவில்லை, போன் செய்தால் "வெளிய நின்னு பாத்துக்கோங்க" என்று பதில். ரோட்டிலிருந்து வாசல் வரை பத்தடி மண்பாதை தெரிந்தது, முற்றத்தில் ஒரு காரும் நின்றது, நம்பிவிட்டார். ஆனால் அந்தப் பாதை கடன் வாங்கியவருடைய அண்ணனின் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள் ஓடுகிறது. அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருந்தவரை வண்டி போனது. ஏலம் முடிந்த மறுநாள் அண்ணன் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டிவிட்டார், மிச்சம் மூன்றடி நடைபாதை. பத்திரத்தில் பாதை உரிமை பற்றி ஒரு வரி கிடையாது.

நான் நாகர்கோவிலில் வக்கீல். வங்கிகளுக்கு லீகல் ஒப்பீனியன் எழுதிக் கொடுப்பதும் உண்டு, ஏலத்தில் எடுக்க நினைப்பவர்களுக்குப் பத்திரம் பார்ப்பதும் உண்டு. இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குத் தெளிவாகத் தெரிவது, வங்கிகள் ஏலம் என்றால் கம்ப்யூட்டரில் நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும்தான் நினைக்கின்றன. அதைச் சரிசெய்ய நிறைய மெனக்கெடுகிறார்கள், பொதுத்துறை வங்கிகளின் சொத்துகள் இப்போது பாங்க்நெட் தளத்தில் ஒரே இடத்தில் கிடைக்கின்றன, நல்லதுதான். ஆனால் எடுப்பவர் மாட்டிக்கொள்வது அந்த ஒரு மணி நேரத்தில் இல்லை. அதற்கு முந்திய 30 நாளில்.

கடன் கட்டாதவர் அடமானம் வைத்த சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டம் 2002-ல் வந்தது. அதன் விதிப்படி முதல் தடவை ஏலம் அறிவித்தால் குறைந்தது 30 நாள் இடைவெளி வேண்டும், ஆள் வராமல் மறுபடி அறிவித்தால் 15 நாள். இந்த நாட்கள் வெறும் சடங்கு இல்லை, வாங்குபவர் தெரிந்துகொள்ளத்தான். ஆனால் பேப்பரில் வரும் தமிழ் அறிவிப்பைப் படித்துப் பாருங்கள். "குறியீட்டு சுவாதீனம்" என்று ஒரு சொல் இருக்கும். சுவரில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது, ஆனால் வீட்டுக்காரர் இன்னும் உள்ளேதான் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அதற்கு அர்த்தம். எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆளைக் காலி செய்து சாவியை வாங்க, 14-வது பிரிவின்படி கலெக்டரிடமோ தலைமைக் குற்றவியல் நீதிமன்ற நடுவரிடமோ வங்கி மனுப்போட வேண்டும். கடன் வாங்கியவர் மதுரையிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போனால் இன்னும் இழுக்கும். "வீட்டில் ஆள் இருக்கிறார், மனு இன்னும் போடவில்லை" என்று அறிவிப்பில் சாதாரணத் தமிழில் ஒரு வரி எழுத என்ன செலவாகும்?

இது தெரியாமல் எடுப்பவருக்குப் பணத்தில் அடி விழுகிறது. முன்பணம் பெரும்பாலும் அடிப்படை விலையில் 10 சதவீதம். ஏலம் முடிந்த அன்றோ மறு வேலை நாளிலோ, அந்த முன்பணத்தையும் சேர்த்து, ஏலத்தில் எடுத்த விலையில் 25 சதவீதம் கட்டியாக வேண்டும். மீதியை விற்பனை உறுதியான 15-ம் நாளுக்குள் கட்ட வேண்டும். வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் கெடு நீளும், எப்படியும் மூன்று மாதத்தைத் தாண்டாது. கட்டத் தவறினால் கட்டியது போச்சு. முழு 25 சதவீதத்தையும் வங்கி எடுத்துக்கொள்ளலாம் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதில் பலரும் "லோன் போட்டுக்கலாம்" என்ற தைரியத்தில் இறங்குகிறார்கள். சாவி கைக்கு வராத வீட்டுக்கு மற்ற வங்கிகள் அவ்வளவு எளிதாகக் கடன் கொடுப்பதில்லை, 15 நாளில் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். தயவுசெய்து மீதிப் பணத்துக்கு வழி பார்த்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.

அப்புறம் "உள்ளது உள்ளபடி" என்ற நிபந்தனை. சுவரில் வெடிப்பு இருந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்பதுபோலத்தான் பலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். பழைய கரண்ட் பாக்கியும் இதற்குள் வரும். கே.சி. நினான் வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது: மின்வாரிய விதிகளில் இடம் இருந்தால், புது இணைப்புக் கேட்கும் ஏலதாரரிடம் பழைய பாக்கியைக் கேட்கலாம். அறிவிப்பில் "நிலுவைகள்: தெரியவில்லை" என்று எழுதிவிட்டு ஒதுங்கும் வங்கி, மின்வாரிய அலுவலகத்துக்கு ஒரு ஆளை அனுப்பினால் அரை நாளில் தெரிந்துவிடும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தோம், அதனால் கல்குளம், விளவங்கோடு பக்கத்து மூலப் பத்திரங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக் கணக்கு போட்டு இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சர்வே எண்ணும் பழையது ஒன்று, மறுபடி அளந்து கொடுத்த ரீசர்வே எண் ஒன்று. அறிவிப்பில் ஒன்று மட்டும் இருந்தால் வில்லங்கச் சான்றை இரண்டு எண்ணுக்கும் போட்டுப் பாருங்கள். பாதை விஷயம் பெரும்பாலும் பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில்தான் ஒளிந்திருக்கும், விளைக்குள் வீடு கட்டும் நம் ஊரில் அந்தப் பத்திரத்தைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

சரி, நல்லபடியாக நடந்த ஒன்றையும் சொல்கிறேன். தக்கலை அருகே ஒரு வீடு. கிளை மேலாளர் ஒரு அம்மா, பார்வை நாளன்று காலை பத்து மணிக்கே வந்து முற்றத்துப் பலாமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் மேஜையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேஜையில் பத்திர நகல், எஃப்.எம்.பி. எனும் நில அளவை வரைபடம், பட்டா, கடைசி வீட்டுவரி ரசீது. சர்வேயர் ஒருவர் நான்கு மூலைக் கல்லையும் காட்டினார். வந்தவர்களிடம் அந்த அம்மா, "மேற்கே அரை சென்ட் தகராறு இருக்கு, அத சேத்துக் கணக்குப் போடாதீங்க" என்று தானாகவே சொன்னார். ஆள் ஓடிவிடுவார்கள் என்று நான்கூட நினைத்தேன். அன்று வந்தவர்களில் நான்கு பேர் முன்பணம் கட்டினார்கள், விலையும் அடிப்படையிலிருந்து நன்றாகவே ஏறியது. தெரிந்த குறையைக் கழித்துவிட்டுத் தைரியமாகக் கேட்கலாம். தெரியாதபோது பயத்தில் பாதி பேர் வருவதேயில்லை.

ஏல நேரத்தைப் பற்றிக் கொஞ்சம். பதிவையும் முன்பணத்தையும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். முடிகிற நேரத்தில் யாராவது விலை ஏற்றினால் சில நிமிடம் தானாக நீளும், அப்போதுதான் கை பதறி அளவுக்கு மீறிக் கேட்பது நடக்கும். உங்கள் உச்ச விலையை முந்தின இரவே ஒரு தாளில் எழுதி எதிரே வையுங்கள். 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத வரிப் பிடித்தமும் உங்கள் வேலைதான். வங்கிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஏலம் நடக்கும்போது எடுத்துப் பேச, தமிழ் தெரிந்த ஒருவரின் எண்ணைக் கொடுங்கள்.

கருங்கல்காரருக்கு வங்கியிடம் எழுத்தில் கெடு நீட்டி வாங்கினோம். வழியுரிமை கேட்டு 1882-ம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டப்படி வழக்குப் போடலாம் என்று சொன்னேன். வருடக்கணக்கில் ஆகும், கிடைத்தாலும் நடக்கத்தான் வழி கிடைக்கலாம், கார் போக வழி கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். கடைசியில் அந்த அண்ணனிடமே போய்ப் பேசி, பாதைக்கு ஒன்றரை சென்ட் எழுதி வாங்கினோம், அக்கம்பக்கத்து விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு. பத்திரம் பதிந்து வெளியே வந்தபோது கருங்கல்காரர் கேட்டார்: "அன்னிக்கி ஒரு ஆளு வந்து எல்லைய காட்டியிருந்தா, இந்தத் துட்டக் கழிச்சில்ல சார் ஏலம் கேட்டிருப்பேன்?"