செல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் தூக்கத்தைப் பாருங்கள்

'செல்போன் பிரச்சினை' என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகளை என்னிடம் கூட்டி வருபவர்கள் குறைவுதான். தலைவலி, காலையில் வயிற்றுவலி, மார்க் இறங்கிவிட்டது, எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறாள் என்றுதான் வருவார்கள். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் பலர் கையில் ஒரு தலை ஸ்கேன் இருக்கும், பிள்ளையின் மணிக்கட்டில் மந்திரித்த கயிறும் இருக்கும். ஸ்கேன் நார்மல். கயிற்றோடு எனக்குச் சண்டை ஒன்றும் கிடையாது.

நான் முதலில் கேட்பது, "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குற?" பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொள்வார்: "பத்து மணிக்கெல்லாம் படுத்துருவான் டாக்டர்." படுப்பது பத்துக்குத்தான். அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டால், போர்வைக்குள்ளே பிரைட்னஸைக் குறைத்து வைத்துக்கொண்டு ரீல்ஸ், டியூஷன் முடிந்து கூட்டாளிகள் எல்லாம் ஆன்லைன் வந்த பிறகு கேம், கண்ணை மூடும்போது இரண்டு, இரண்டரை. ஏழு மணிக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும்.

பதின்ம வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அந்த வயதில் தூக்கத்துக்கு உடம்பைத் தயார்படுத்தும் மெலடோனின் இயல்பாகவே தாமதமாகத்தான் சுரக்கும், அதனால் பதினோரு மணிக்குப் புரண்டுகொண்டிருக்கும் பிள்ளையைத் திமிர் பிடித்தவன் என்று திட்டிப் பயனில்லை. ஏற்கனவே தள்ளிப்போகிற தூக்கத்தை, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அடிக்கும் வெளிச்சமும் அடுத்து என்ன வரும் என்ற பரபரப்பும் இன்னும் தள்ளிவிடுகின்றன. காலையில் சாப்பாடு இறங்காது, வெறும் டீயோடு வேன் ஏறினால் இரண்டாவது பீரியடிலேயே தலைவலியும் வயிற்றுவலியும் ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூங்கி ஈடுகட்டுவார்கள், அன்று ராத்திரி மறுபடி தூக்கம் வராது, திங்கள்கிழமை வயிற்றுவலி அங்கே பிறக்கிறது.

சரி, இதெல்லாம் அடிக்‌ஷனா? உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் 'கேமிங் டிஸார்டர்' இருக்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கு அதில் கிடையாது. நிறுத்த நினைத்தாலும் முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே பெரிதாகிப் போவது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது, படிப்பும் வீடும் கெடும் அளவுக்கு இது பொதுவாக 12 மாதம் நீடிப்பது, இதைத்தான் பார்க்கிறோம். லீவில் ஐந்து மணி நேரம் விளையாடிவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருகிற பையனுக்குச் சொந்தக்காரர்கள் முன்னால் அடிக்ட் பட்டம் கட்டாதீர்கள்.

சிலருக்குப் பிரச்சினை முதலில் வந்தது, செல் பிறகுதான் வந்தது. எட்டாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிறவன், வகுப்பில் தினமும் எழுந்து நிற்கிறவன், கேமில் மட்டும் நாலு பேருக்கு லீடர். அதையும் பறித்துவிட்டால் அவனுக்கு என்ன மிச்சம்? மனச்சோர்வு, கற்றல் குறைபாடு, பள்ளியில் யாராவது சீண்டுவது, இவற்றை விசாரிக்காமல் செல்லை மட்டும் வைத்து வைத்தியம் பார்க்க முடியாது.

"சுவத்துல அடிச்சு ஒடச்சுட்டேன் டாக்டர்" என்று பெருமையாகச் சொல்லும் அப்பாக்கள் உண்டு. பையன் அடுத்த வாரம் கூட்டாளி செல்லில் இருப்பான், அப்பாவிடம் பேச்சு மட்டும் நின்றிருக்கும். நான் சொல்வது இவ்வளவுதான்: பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாச் செல்லும் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும், அப்பாவுடையதும் சேர்த்து. (அப்பா முகம் வாடுவது இந்த இடத்தில்தான்.) அலாரத்துக்கு வேண்டும் என்று பிள்ளை சொன்னால் மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு டைம்பீஸ் வாங்கிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்க விடவேண்டாம். சாயங்காலம் வெயில் இறங்கியதும் தெருவிலோ மைதானத்திலோ ஒரு மணி நேரம் விளையாடட்டும், கிட்டப்பார்வை வராமல் தடுக்கவும் வெளிவெளிச்சம் உதவும். காலையிலும் மாலையிலும் டியூஷன் வைத்துவிட்டு 'வெளியே போய் விளையாடவே மாட்டேங்குறான்' என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

பள்ளிக்கே போக மறுப்பது, கேமுக்காக வீட்டுப் பணத்தை எடுப்பது, கை ஓங்குவது, இவற்றுக்கு மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகிறேன் என்று சொன்னால், மிரட்டல்தானே என்று விடாமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். ராத்திரி நேரத்தில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழிலேயே பேசலாம்.