நியென்வெய்: நாக்கில் தங்கிய பண்டிகை

சீனப் புத்தாண்டு நெருங்க நெருங்க, அங்கே வேலைக்குப் போகும் வயதில் இருப்பவர்கள் வாயில் தவறாமல் வரும் சொல் ‘நியென்வெய்’. “முன்ன மாதிரி நியென்வெய் இல்லை” என்று அலுத்துக்கொள்வார்கள்.

இதில் இரண்டு எழுத்து. ‘நியென்’ என்றால் ஆண்டு. பேச்சில் புத்தாண்டுப் பண்டிகைக்கும் அதே பெயர்தான். அந்த எழுத்தின் பழைய வடிவம், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் எலும்பில் கீறியது, கதிரைச் சுமந்து நிற்கும் ஒரு மனிதன். கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் தொகுத்த அகராதியும் ‘தானியம் முற்றுதல்’ என்றே பொருள் சொல்கிறது. ‘வெய்’ என்பது சுவை, வாசம் இரண்டும். அந்த எழுத்தின் இடப்பக்கம் ‘வாய்’ என்னும் குறி ஒட்டிக்கொண்டிருக்கும்.

சரி, அப்படி என்ன சுவை? வடசீனத்தில் கேட்டால் பூண்டிலிருந்து தொடங்குவார்கள். அவர்களுடைய பன்னிரண்டாம் மாதம் எட்டாம் நாள் ‘லாபா’. காலையில் பல தானியமும் பயறும் இலந்தைப் பழமும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி. அன்றைக்கே பூண்டை உரித்து ஜாடியில் போட்டு, வினிகர் ஊற்றி மூடி வைப்பார்கள். நாள் போகப் போகப் பூண்டுப் பற்களில் பச்சை ஏறும். பண்டிகைக்குள் மரகதம் மாதிரி ஆகிவிடும். பிள்ளைகளுக்கு அந்த ஜாடிதான் நாள்காட்டி. பண்டிகை இரவில் ஜியாவ்ஸி கொழுக்கட்டைக்கு அந்தப் பூண்டும், அது ஊறிய வினிகரும்தான் தொட்டுக்கொள்ள. நடுவில் இருபத்துமூன்றாம் நாள், அடுப்படித் தெய்வம் மேலுலகம் போய் வீட்டைப் பற்றி நல்லதாகச் சொல்லட்டும் என்று பிசுபிசுப்பான மால்ட் மிட்டாய் படைப்பார்கள். பல்லில் ஒட்டிக்கொண்டு திண்டாடுவது என்னவோ பிள்ளைகள்தான். அப்புறம் ஒட்டடை அடிப்பது, மாவுப் பசை காய்ச்சி வாசலில் சிவப்புத் தாள் ஒட்டுவது, கடைசியில் வெடி.

வெடிமருந்து வாசமும் நியென்வெய்யில் சேர்த்திதான். பெய்ஜிங்கில் 1993 இறுதியில் வெடிக்குத் தடை வந்தது, 2005இல் தளர்ந்தது, பிறகு மறுபடி இறுகியது. ஆனால் பெரிய இழப்பு வெடி அல்ல, நாட்கள். லாபாவிலிருந்து பண்டிகை வரை மூன்று வாரம். அந்தக் காத்திருப்பில் ஊறியதுதான் அந்தச் சுவை. இப்போது பெருநகரத்தில் வேலை பார்ப்பவர் கடைசி நேரத்தில் ரயிலேறி வீடு சேரும்போது பூண்டு பச்சையாகிவிட்டிருக்கும், பசை காய்ந்திருக்கும். அவருக்கு மிஞ்சுவது இலையில் போட்ட சோறு மட்டும், அடுக்களையின் பரபரப்பு அல்ல.

தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்? ‘ஆண்டுச் சுவை’ என்று அப்படியே பெயர்த்தால் ஒட்டாது. நம் ‘ஆண்டு’க்குள் பண்டிகை இல்லை. ‘பண்டிகைக் களை’ கிட்ட வருகிறது. ஊர் களைகட்டிவிட்டது என்கிறோமே, அதுதான். ஆனால் களை கண்ணுக்குத் தெரிவது: விளக்கு, கூட்டம், புதுத் துணி. நியென்வெய் மூக்கிலும் நாக்கிலும் இருப்பது. அதனால் ‘பண்டிகை வாசம்’ என்பதே என் தேர்வு.

அது குறைந்துபோவதற்குச் சீனர்கள் சொல்லும் சொல் ‘டான்’. உப்பு குறைந்த குழம்பு, தண்ணியாகிப்போன தேநீர் எல்லாமே அவர்களுக்கு ‘டான்’தான். இதற்கு நாம் புதிதாக ஒன்றும் தேட வேண்டியதில்லை. ‘நியென்வெய் டான் ல’ என்று ஒருவர் பெருமூச்சு விட்டால், “பண்டிகை சப்புன்னு போச்சு” என்று எழுதிவிடலாம்.