கலிபோர்னிய வீட்டுச் சங்கங்கள்: அபராதம் வேறு, கட்டணம் வேறு

கலிபோர்னியாவில் எச்.ஓ.ஏ. எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கம் உள்ள குடியிருப்பில் வீடு வாங்குபவர், வீடு தம் பெயருக்கு மாறியதுமே அதன் உறுப்பினராகிவிடுகிறார். விருப்பமில்லை என்று ஒதுங்க வழியில்லை. அதற்காகச் சங்கம் நினைத்தபடியெல்லாம் நடந்துகொள்ளவும் முடியாது. 1985-இல் இயற்றப்பட்ட டேவிஸ்–ஸ்டர்லிங் சட்டம் இரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது.

வேலிக்கு அனுமதியில்லாத நிறம் அடித்ததாகக் கடிதம் வந்தால், அது அபராதத்துக்கான முதல் படி. நிர்வாகக் குழு கூடி உங்கள் தரப்பைக் கேட்ட பிறகே அபராதம் விதிக்கலாம். அந்தக் கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். 2025-இல் வந்த திருத்தத்தின்படி, கூட்டத்துக்கு முன்பே வேலியின் நிறத்தை மாற்றிவிட்டால் அபராதம் விதிக்க இயலாது; ஆகவே மாற்றிய வேலியைப் படமெடுத்துத் தேதியோடு அனுப்பிவையுங்கள். உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு விளைவிக்கும் மீறல்கள் நீங்கலாக, ஒரு மீறலுக்கு 100 டாலருக்கு மேல் கேட்கவும் கூடாது.

மாதக் கட்டணத்தின் கதை வேறு. சங்கத்தின் மேல் உள்ள கோபத்தில் பலர் அதைக் கட்டாமல் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கட்டணப் பாக்கி, தாமதக் கட்டணமும் வட்டியும் வசூல் செலவும் சேர்க்காமலே 1,800 டாலரை எட்டினாலோ, 12 மாதத்துக்கு மேல் நிலுவையில் இருந்தாலோ, சங்கம் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுபோகலாம். நீதிமன்றத்துக்குச் செல்லாமல் அப்படி விற்ற பின்னும், 90 நாளுக்குள் உரிய தொகையைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை உண்டு. ஆனால் அந்த நிலைவரை போகவிடுவானேன்? கணக்கு தவறென்று கருதினால், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிப் பணத்தைக் கட்டிவிட்டு, சிறு வழக்கு நீதிமன்றத்தில் திரும்பக் கேட்கலாம். அங்கே தனிநபருக்கான வரம்பு 12,500 டாலர்.

கணக்கைச் சரிபார்க்க ஆவணங்கள் வேண்டுமே. நடப்பு நிதியாண்டின் பதிவுகளை எழுத்தில் கேட்டால், சங்கம் 10 வேலை நாளுக்குள் காட்ட வேண்டும். நியாயமான காரணமின்றி மறுத்தால், மறுக்கப்பட்ட ஒவ்வொரு கோரிக்கைக்கும் நீதிமன்றம் 500 டாலர் வரை தண்டம் விதிக்கலாம்.

இதற்கும் மேல் தகராறு நீண்டால், பேச்சுவார்த்தைக்கு வருமாறு சங்கத்துக்கு எழுதுங்கள். நீங்கள் கேட்டால் சங்கம் மறுக்க முடியாது. அதற்கென்று உங்களிடம் கட்டணம் வாங்கவும் கூடாது.