குறிஞ்சி பூக்காத 11 ஆண்டுகள்

நீலக்குறிஞ்சி 2018-இல் மூணாறிலும் கொடைக்கானலிலும் பூத்தது. அடுத்து 2030-இல். இடைப்பட்ட இந்த ஆண்டுகளில்தான் அது அழிகிறது. பூ இல்லாத குறிஞ்சி வெறும் புதர். அதன்மேல் பாதை போட்டாலும் கொட்டகை போட்டாலும் கேட்க ஆளில்லை. உலக அளவில் இதன் நிலையை முதன்முறையாக மதிப்பிட்ட பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐ.யூ.சி.என்.), 2024-இல் அழிவை நோக்கிச் செல்லும் இனங்களோடு இதைச் சேர்த்தது.

1,300 முதல் 2,400 மீட்டர் உயரத்தில், சோலைகளை ஒட்டிய புல்வெளிச் சரிவுகளே இதன் வீடு. பெரும்பாலும் முழங்கால் உயரம்தான் வளரும். இலைகள் எதிரெதிராக, ஓரத்தில் பல்லோடு இருக்கும். அந்தப் புல்வெளியைத் தரிசென்று நினைத்துச் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பைனும் நட்டதுதான் முதல் கேடு. இன்றும் மரம் நடும் விழாவுக்குப் புல்மேட்டைத் தேடுகிறவர்கள் உண்டு!

சீகையை வெட்டினால் வேலை முடியாது, அங்கேதான் தொடங்குகிறது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரே வீச்சில் சரிவை வெட்டவெளியாக்கினாலோ வெட்டிய கிளைகளை அங்கேயே கொளுத்தினாலோ கன்றுகள் அடர்ந்து கிளம்பும். சில வகைகள் வேரிலிருந்தும் துளிர்க்கும். ஆகவே புல் இன்னும் நன்றாக இருக்கும் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் செல்ல வேண்டும். சிறு கன்றுகளை மழைக்குப் பின், மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்கலாம். பெரிய மரத்தைச் சரிவில் இழுத்துச் செல்லக் கூடாது. புல்வேர் பெயர்ந்தால் முதல் மழையிலேயே மண் ஓடிவிடும். ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்பிப் போய்க் கன்று பிடுங்க ஆளும் பணமும் இல்லையென்றால் வெட்டாமல் இருப்பதே மேல்.

அடுத்தது தீ. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பூத்த செடி, காய் முற்றும்போதே காய்ந்து சாகிறது. விதை முற்றி உதிரும் மாதங்களும் புல் காயும் கோடையும் ஒன்றாக வந்துசேரும். அப்போது தீ புகுந்தால் அந்தச் சரிவின் 12 ஆண்டு விதை மொத்தமும் போகும். மறுபடி துளிர்க்கத் தாய்ச்செடியும் இருக்காது. பூ முடிந்ததும் காவலைத் தளர்த்துவது அதனால்தான் பெரிய பிழை. தீத்தடுப்புக் கோடுகளை டிசம்பருக்குள், குறிஞ்சித் திட்டுகளைச் சுற்றி வெட்ட வேண்டும், ஊடே அல்ல. எந்தத் திட்டு எங்கே என்று தெரிய, பூக்கும் பருவத்திலேயே ஜி.பி.எஸ். புள்ளிகளோடு வரைபடம் எடுத்திருக்க வேண்டும்.

கேரளம் 2006-இல் வட்டவடை, கொட்டக்கொம்பூர் பகுதியில் சுமார் 3,200 ஹெக்டேரில் குறிஞ்சிமலை சரணாலயத்தை அறிவித்தது. ஆனால் நிலவுரிமைச் சிக்கலில் எல்லை வரையறுப்பு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது.

வீட்டில் வளர்க்கக் கன்று கேட்பவர்களுக்கு: செடியைப் பிடுங்குவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இடையில் எங்காவது 'குறிஞ்சி பூத்தது' என்று செய்தி வந்தால் அது வேறொரு குறிஞ்சி இனமாகவும் இருக்கலாம். இலை, பூங்கொத்து இரண்டையும் படமெடுத்து வனத்துறைக்கு அனுப்புங்கள். இடத்தை வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஜீப்புகள் வந்துவிடும்.