"உனக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்காதீர்கள்

மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு மனநல மருத்துவரான என்னிடம் நேராக வருகிறவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவர்கள் வந்து சேர்வதற்குள் கையில் ஒரு தடித்த ஃபைல் இருக்கும். தலைவலிக்கு ஸ்கேன், படபடப்புக்கு எக்கோ, வயிற்று எரிச்சலுக்கு எண்டோஸ்கோப்பி. எல்லாம் நார்மல்.

அப்படி வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டியவர். சொந்த வீடு, நல்ல வேலையில் கணவர், மகன் இன்ஜினீயரிங், மகள் பிளஸ் டூ. கணவர்தான் பேசினார். "டாக்டர், இவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கல. காலைல அஞ்சு மணிக்கெல்லாம் சமையலே முடிஞ்சிடும், அவ்வளவு சுறுசுறுப்பு. இவளுக்குப் போய் டிப்ரஷனா?"

அவர் மனதாரத்தான் சொன்னார். அவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "மூணு மணிக்கு. அப்புறம் தூக்கம் வராது. படுத்திருந்தா பயமா இருக்கும், அதான் எழுந்து சமைக்கப் போயிடுவேன்" என்றார். வீட்டில் சுறுசுறுப்பு என்று பெருமைப்பட்டது நோயின் அறிகுறியை. வழக்கத்தைவிட இரண்டு மூன்று மணி நேரம் முன்பே விழிப்பு வந்து, விடிகாலையில் மனம் மிகவும் கனத்துக் கிடப்பது தீவிர மனச்சோர்வில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது.

கடைசியாக எதை ஆசைப்பட்டுச் செய்தீர்கள் என்று கேட்டேன். வெகுநேரம் பதில் இல்லை. நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவைக்கு இன்னும் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கவில்லை என்றார். "எதைக் கட்டினா என்னன்னு இருக்கு."

மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டே மூலையில் கிடப்பார்கள் என்று நினைக்கிறோம். அழுகையே இல்லாமலும் வரும். முன்பு பிடித்தது எதிலும் நாட்டமில்லாமல் போவது, தூக்கமும் பசியும் மாறுவது, காரணமில்லாத அசதி, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பு. இப்படிச் சில சேர்ந்து, பெரும்பாலான நாட்கள் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும். ஆண்களிடம் இதுவே எரிச்சலாகவோ குடியாகவோ தெரியலாம். சமைப்பதும் ஆபீஸ் போவதும் கடமை. பலர் கடைசிவரை அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு செய்துவிடுவார்கள். ஆசைதான் முதலில் போகும்.

"வீடு இருக்கு, பிள்ளைங்க நல்லா படிக்கிறாங்க, உனக்கு என்ன குறைச்சல்?" என்று நாம் கேட்கும்போது அவர் வாய் அடைத்துப் போகிறது. எல்லாம் இருந்தும் இப்படி இருக்கிறோமே என்ற குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. அதற்குப் பதில் தூக்கத்தைக் கேளுங்கள், பசியைக் கேளுங்கள். "தூங்கி எழுந்திருக்காமலே போயிட்டா தேவலை" என்று யாராவது சொன்னால் பேச்சுக்குச் சொல்வதாக விட்டுவிடாதீர்கள். சாகிற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது; பலருக்கு, அப்பாடா ஒருவர் கேட்டாரே என்றுதான் இருக்கும். ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

சிகிச்சைக்கு முன் தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்போம். அவையும் இதே சோர்வைத் தரும். லேசான நிலையில் மனநல நிபுணரிடம் மனம்விட்டுப் பேசிப் பெறும் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். மருந்து தேவைப்பட்டால், பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். நாலு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் தூக்க மாத்திரை போல அடிமையாக்குவதில்லை. குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். நிறுத்துவதையும் மருத்துவர் சொல்லி, படிப்படியாகத்தான்.

மனநல மருத்துவர் என்றதும் வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். வழக்கமாகப் பார்க்கும் குடும்ப டாக்டரிடமே தூக்கம் வரவில்லை என்று ஆரம்பிக்கலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். அவருக்காக நீங்களே கூப்பிட்டுக் கேட்கலாம்.